ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியவர்களுக்கு

அன்புள்ள அம்மாமார், அக்காமார், ஐயாமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

2025 மாசிக் கடைசியில், முதுகில் பெரிய பைகளோடு உங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசல்களைத் தாண்டிப் போன யாழ்ப்பாணத்துப் புருசன் பெண்சாதியை உங்களில் சிலருக்காவது ஞாபகம் இருக்கும். முன்னால் ஒரு நெட்டை மனுசன் விறுவிறு என்று போவார். வெகு தூரம் பின்னால் ஒரு பொம்பிளை தடியை ஊன்றி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வருவாள். அது நாங்கள்தான். முழுப் பாதையையும் நடந்து முடித்துவிட்டோம். இரண்டு பேருமாக, ஒன்றாகவே முடித்தோம். "முடிச்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று எத்தனையோ பேர் கேட்டீர்கள். எல்லாருடைய நம்பரும் எங்களிடம் இல்லை. அதனால்தான் இந்தப் பொதுமடல்.

பாதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீகோ ட்ரெயில் கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, மத்திய மலைநாட்டையும் ஊவா மாகாணத்தையும் சுற்றி வந்து நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகள். வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் போன வண்டிப் பாதைகளையும் குதிரைப் பாதைகளையும் தேடி இணைத்து இதை உருவாக்கியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. மிகெல் குனாட் என்பவர் முன்னின்று செய்தார். வரைபடமும் வழிகாட்டிக் கம்பங்களும் போட்ட அந்தக் குழுவுக்கு எங்கள் நன்றி. மூடுபனியில் அந்தக் கம்பங்கள்தான் பல தடவை எங்களைக் காப்பாற்றின.

ஆனால் அந்தப் பாதையைப் புல் மூடாமல் வைத்திருப்பது யார் என்று நடந்தால்தான் தெரிகிறது. விடியக் காலையில் பேர் பதியும் பெரட்டுக்கு ஓடும் அக்காமார், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கிளினிக்குக்கு இறங்கும் பிள்ளைத்தாய்ச்சிகள். நாங்கள் லீவு போட்டு நடக்க வந்த ஏற்றத்தில் நீங்கள் கொழுந்துக் கூடையோடு தினமும் ஏறி இறங்குகிறீர்கள். உங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். காய்ச்சலிலும் கொள்ளை நோயிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலையகத் தமிழர் வந்த 200 வருடத்தை நினைத்து 2023இல் அதே வழியில் நடைபயணம் போனவர்கள் சிலரை நாங்கள் சந்தித்தோம். அதற்குப் பிறகு "நாங்கள் தூர நடை நடக்கிறோம்" என்று பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை.

லூல்கந்துரையில் எங்களோடு கூட வந்த ஐயாவுக்கு நன்றி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் தோட்டத் துரை தேயிலை போட்ட மலை இதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள். ஐயா சொன்னது வேறு கதை. 1892இல் டெய்லர் செத்தபோது அவருடைய உடலைத் தோட்டத்து ஆட்கள் மாறி மாறித் தோளில் சுமந்து கண்டி வரை கொண்டுபோனார்களாம். "செத்த தொரையையும் நாங்கதான் தூக்கினோம்" என்று சொல்லி ஒரு சிரிப்பு சிரித்தீர்கள் பாருங்கள் ஐயா, அந்தச் சிரிப்பு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. என் நடையைப் பார்த்துவிட்டுக் கத்தியால் ஒரு கம்பு வெட்டிச் சீவித் தந்ததும் நீங்கள்தான். கொழும்பில் நாங்கள் விலை கொடுத்து வாங்கிய மடக்குத் தடி பூண்டுலோயாவிலேயே உடைந்துபோனது. உங்கள் கம்பு கடைசி வரை வந்தது.

வட்டகொடைக்கு முன்னால், மலைச்சரிவில் நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்திய அக்காமாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வரவேற்கிறீர்கள் என்று நினைத்து நாங்களும் கையை ஆட்டினோம்! "அங்கிட்டுப் போகாதீங்க, குளவி கலைஞ்சிருக்கு" என்று காதில் விழ ஒரு நிமிடம் எடுத்தது. கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், உயிரையே விட்டவர்கள் பற்றிப் பேப்பரில் அடிக்கடி வரும். வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கிறோம். அன்று இரண்டு பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கீழ்ப்பக்கத்துத் தண்ணிக் கான் வழியாக எங்களைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய் மறுபக்கம் விட்டீர்கள். நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், போடுவார்கள் என்று பிறகுதான் இன்னொரு இடத்தில் கேள்விப்பட்டோம். அப்போது அடிப்படை நாள் சம்பளமே 1,350 ரூபாதான். அன்று உங்களுக்கு அரைப் பேர் விழுந்திருந்தால் அது எங்களால்தான். காசு நீட்டியபோது கோபித்துக்கொண்டீர்கள். அந்தக் கோபத்துக்கும் சேர்த்து நன்றி.

என் மனுசனுடைய சப்பாத்தின் அடி வாய் பிளந்துகொண்டு நின்றபோது, ஹட்டனில் குடைக்குக் கீழே இருந்து அதைத் தைத்துத் தந்த ஐயா, உங்கள் தையல் இன்னும் விடவில்லை.

இனி நான் சொல்லத் தயங்குகிற பகுதி. தயங்கினாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் மிகப் பெரிய கடன் அங்கேதான் இருக்கிறது. நோர்வூட் தாண்டியதும் நானும் இவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இவருக்கு அட்டவணை. இத்தனை மணிக்கு இந்த இடம், இருட்டுமுன் அந்த இடம். எனக்கு இறக்கத்தில் முழங்கால் நோவு. இவர் திருப்பத்தில் நின்று காத்திருப்பார், நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார். ஓய்வு எடுத்தவர் அவர், களைத்து வந்தவள் நான். சேர்ந்து தூரம் நடக்கிற எல்லாரும் இந்த அநியாயத்தைக் கண்டிருப்பார்கள். பொகவந்தலாவைப் பக்கம் வரும்போது என் முழங்கால் வீங்கி, எங்களுக்குள் கதையே இல்லாமல் போய்விட்டது. நான் ஹட்டனுக்குப் போய் ரயில் ஏறுவது என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த ஐயா, நீங்கள் காலுக்குத் துணி சுற்றிக் கட்டிவிட்டு, மருந்தைப் பற்றி என்னிடம் பேசாமல் இவரிடம் பேசினீர்கள். "அம்மா வேகத்துக்கு நடக்க முடியும்னா நடங்க. இல்லாட்டி நீங்க தனியா போங்க, அம்மாவ நாங்க பாத்துக்கிறோம்." இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் உள்ளுக்குள் பட்ட சந்தோசத்தை எழுத முடியாது.

அப்புறம் தங்களுடைய காம்பரா அறையை எங்களுக்கு விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்த குடும்பம். முன் விறாந்தையான இஸ்தோப்பில் படுக்கிறோம் என்று நாங்கள் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தீர்கள், என் காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் தந்தீர்கள், இரவு கோயிலடியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து என்று என்னைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டும் போனீர்கள். மாசியில் மலையகத்தில் காமன் கூத்து நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. தப்பு மேளச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. ரதியாக ஆடியது ஒரு தம்பி. மன்மதன் எரிந்த பிறகு அந்தத் தம்பி அழுத அழுகையில், பக்கத்தில் நின்ற என் மனுசன், அட்டவணை போடுகிற மனுசன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன். அந்த வீட்டுப் பாட்டி மட்டும் விடவில்லை. "ரெண்டு பேரும் ஏன் மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று எல்லாருக்கும் கேட்கவே கேட்டுவிட்டார். கதையைக் கேட்டு முடித்த பிறகு, நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது பிந்திப் போகிறவளுக்குப் பக்கத்து நிரைக்காரி இரண்டு கை எடுத்துக் கொடுப்பாள், இல்லாவிட்டால் கங்காணி ஏச்சு எல்லாருக்கும்தான் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பாட்டி, வெற்றிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் தந்ததை நீங்கள் கோயில் உண்டியலில் போட்டீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வீக்கம் வடிந்து நாங்கள் கிளம்பியபோது நான் முன்னால் நடந்தேன். என் பையில் இருந்த பாரமான சாமான்கள் எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் இவருடைய பைக்கு மாறியிருந்தன. அதற்காகச் சண்டையே வரவில்லை என்று நினைக்க வேண்டாம். வந்தது. ஆனால் நடந்துகொண்டே சண்டை பிடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் இருந்தோம்.

டயகமவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் ஏறும்போது அட்டை. சவர்க்காரத்தைத் தண்ணீரில் குழைத்துக் காலில் பூசச் சொன்ன காவலாளி அண்ணாவுக்கு நன்றி. நாங்கள் கொண்டுபோன விலை கூடிய களிம்பை அட்டைகள் விரும்பி நக்கின என்றே சொல்லலாம்.

அப்புத்தளை, எல்ல பக்கம் பற்றி அதிகம் எழுத இல்லை. லிப்டன் இருக்கை என்ற மலை உச்சியில் விடிய முன்னமே கூட்டம். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள், நாங்களும் எடுத்தோம். எல்லயில் நாங்கள் முன்கூட்டியே காசு கட்டிய அறையை, வெளிநாட்டுக்காரர் அதிகக் காசு தருகிறார் என்று ஒரு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். இரவு எட்டு மணி, மழை வேறு. ஊவாவில் வருடத்தின் அந்த மாதங்களில் பின்னேரம் ஆனால் இடியும் மழையும்தான். தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன ஆட்டோக்காரத் தம்பி, நீ ஆட்டோவுக்கு வாங்கியது மற்றவர்களிடம் வாங்குகிற அதே காசுதான். மறுநாள் தெமோதரையில் ரயில் நிலையத்துக்குக் கீழேயே ரயில் பாதை சுற்றி வந்து நுழைவதைக் காட்ட வேலையை விட்டுவிட்டு வந்தாய். இவர் சின்னப் பிள்ளை மாதிரி நின்று பார்த்தார்.

ஊவாவில் இன்னும் இரண்டு வீடுகள். சிங்களம் எங்களுக்கு அரைகுறை, அந்த அம்மாவுக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. ஆனாலும் பலாக்காய்க் கறி வைத்து, நனைந்த உடுப்பை எல்லாம் அடுப்புக்கு மேலே காயப் போட்டுத் தந்தார். என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் முழங்காலையும் காட்டினார். அரை மணி நேரம் முழங்காலைப் பற்றியே கதைத்தோம். நோன்பு மாதம் என்பதால், கடை பூட்டும் நேரத்தில் போய் நின்ற எங்களை உள்ளே இருத்தி நோன்புக் கஞ்சி தந்த கடைக்கார நானா, அந்தக் கஞ்சிக்குப் பிறகுதான் உடப்புசல்லாவைக்கு ஏறுகிற தைரியம் எனக்கு வந்தது.

வீட்டில் இருந்தவர்களையும் விடக்கூடாது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட என் தங்கச்சிக்கும், "உங்களுக்கு வேற வேலை இல்லையா" என்று ஒவ்வொரு இரவும் போனில் ஏசிவிட்டு, கால் எப்படி இருக்கிறது என்று கேட்ட அம்மாவுக்கும் நன்றி.

இந்தப் பாதையில் நடக்க நினைக்கும் நம் ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். லயத்தில் தங்க இடம் தந்தால், சாப்பாடு தந்தால், மறுத்தாலும் ஏதாவது வழியில் கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கினால் வாங்கிக்கொள்வார்கள். தெரியாமல் படம் எடுக்காதீர்கள். கொழுந்து எடுக்கிற அக்காவும் வேலை செய்கிற ஆள்தான், அலுவலகத்தில் யாராவது வந்து உங்களைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

கேட்டு எடுத்த படங்களை எல்லாம் பிரதி போட்டுவிட்டோம். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை, கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து கிடந்து, பிந்தித்தான் கைக்குக் கிடைக்கும் என்று சொன்னீர்கள். அதனால் காமன் கூத்துப் படங்களைக் கோயில் ஐயாவின் பெயருக்கும், மற்றவற்றைப் பள்ளிக்கூடங்களுக்கும் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறோம். பாட்டியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறோம், அதைத் தபாலில் விடப் பயமாக இருக்கிறது. ஆடி லீவில் பிள்ளைகளோடு நாங்களே கொண்டுவருகிறோம். இந்தத் தடவை பஸ்ஸில்.

அன்புடனும் நன்றியுடனும்,
நெட்டை மனுசனும் தடி ஊன்றிய அவர் பெண்சாதியும்