சாலையை அடைத்துக் காத்தவர்களுக்கும் சோறு கட்டிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கேத்தனூர் பக்கம் காற்றாலைத் தடங்களில் நடந்த கார் ராலி நல்லபடியாக முடிந்தது. ஓட்டியவர்களைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். இது ஓட்ட வைத்தவர்களுக்கான மடல். யார் என்ன செய்தார்கள், அது எதற்கு உதவியது என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம். அடுத்த ராலிக்கு உதவ வருகிற தம்பி, தங்கைகளுக்கும் பயன்படட்டும்.

முதல் நன்றி அண்ணனுக்கு. ஒரு காலத்தில் ராலி ஓட்டியவர், இன்று போட்டி நிர்வாகத்தில் இருப்பவர், தொழிலுக்கு உணவகங்கள் நடத்துபவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோவை ராலிக்காரர்களுக்கு அண்ணன் என்றாலே போதும்.

ஓட்டியவர்கள் நிர்வாகத்துக்கு வருவது இந்த விளையாட்டில் புதிதில்லை. சஃபாரி ராலியை 1973இலும், பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்தும், ஆக ஐந்து முறை வென்ற சேகர் மேத்தா பின்னாளில் உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் ராலி ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். மத்திய கிழக்கு ராலி பட்டத்தை 14 முறை வென்ற முகமது பின் சுலாயம் 2021 டிசம்பரில் எஃப்.ஐ.ஏ. தலைவரானார். நம் சென்னையின் விக்கி சந்தோக் ராலி ஓட்டியவர், இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் தலைவராகவும் இருந்தார். இப்படிப்பட்டவர்களால் என்ன பலன் என்பதை ஸ்டேஜின் (சாலையை அடைத்து, நேரம் பார்த்து வேகமாக ஓட்டும் பகுதி) வரைபடத்தை விரிக்கும்போதே பார்க்கலாம். வலது வளைவில் பிடி விட்டால் கார் இடது பக்கம் வெளியே போகும். அதனால் வெளிப்பக்கம் ஆள் நிற்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். உள்பக்கமும் ஆபத்து என்பது ஓட்டியவருக்குத்தான் சட்டென்று தோன்றும். வளைவை வெட்டிப் போகிற கார் சக்கரத்தடியில் இருக்கிற சரளைக் கல்லை வாரி அடிக்கும். இந்த முறை பார்வையாளர் கயிற்றை வளைவுகளில் இருந்து எடுத்து, தடத்தைவிட உயரமான கரைகளுக்கு மாற்றியது அண்ணனின் யோசனை. முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் அதுதான் சரி.

அவருடைய சமையல்கூடத்துக்குத் தனி நன்றி சொல்ல வேண்டும். தடத்தைக் காத்து நிற்கும் மார்ஷல்களின் சாப்பாடு என்றால் பல ராலிகளில் கடைசி நேரத்தில் யாரோ ஓடிப்போய் வாங்கி வருவது. அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. முதல் கார் 8 மணிக்கு என்றால் சாலை 6 மணிக்கே அடைபடும். அதற்குப் பிறகு சோற்று வண்டி உள்ளே போக முடியாது. காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு நிற்பவர் 11 மணிக்கு மேல் பசி தாங்காமல் ஊருக்குள் கடை தேடிப் போவார். அவர் அடைத்து வைத்திருந்த பிரிவு வழி (ஸ்டேஜில் வந்து சேரும் கிளைப்பாதை) திறந்து கிடக்கும். ராலியில் சாப்பாடு பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி என்று அண்ணன் திட்டக் கூட்டத்திலேயே சொன்னார். செய்தும் காட்டினார்.

இரவு 1 மணிக்கு அடுப்பு பற்றியது. 4.30க்கு எல்லோரும் கூடும் இடத்தில் காலைச் சாப்பாடும் மதியப் பொட்டலமும் சேர்ந்தே கைக்கு வந்தன. காலைக்குப் பொடி தடவிய இட்லி. தேங்காய்ச் சட்னி வெயிலில் நிற்காது என்பதால் கிடையாது. மதியத்துக்குப் புளியோதரை, தயிர்சாதம். புளியோதரைக்கு ஒரு கிலோ அரிசிக்கு 100 கிராம் பழைய புளி, 200 மில்லி நல்லெண்ணெய். வெங்காயம், தேங்காய் எதுவும் இல்லை. சாதத்தை அகலமான தாம்பாளத்தில் ஆற விட்ட பிறகுதான் பொட்டலம் கட்டினார்கள். சூட்டோடு கட்டினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி, 10 மணிக்கெல்லாம் நூல் விட்டுப்போகும். தயிர்சாதம் பெயருக்குத்தான் தயிர்: ஒரு கிலோ அரிசிக்கு இரண்டரை லிட்டர் காய்ச்சி ஆறிய பால், உறைக்கு ஒரே ஒரு கரண்டி தயிர். மதியம் பிரிக்கிறபோது புளிக்காமல் பதமாக உறைந்திருந்தது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீரும் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் தனி.

உணவகத்தில் எந்த மேசைக்கு எது என்று சீட்டு எழுதுவார்களே, அதே முறையில் ஒவ்வொரு பைக்கும் மார்ஷல் போஸ்ட் (மார்ஷல்கள் நிற்கும் இடம்) எண் எழுதிய சீட்டு குத்தியிருந்தார்கள். போஸ்ட் 17க்கு மூன்று பேர் என்றால் பையில் மூன்று பேர் சாப்பாடு. பை எடுக்கப்படாமல் இருந்தால் அந்தப் போஸ்டுக்கு ஆள் வரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். வருகைப் பதிவேடு சொல்வதற்கு முன்பே இப்படிக் காலியிடம் தெரிந்து, மாற்று ஆள் அனுப்ப முடிந்தது.

பிரிவு வழிகளில் நின்ற மார்ஷல்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில், ஸ்டேஜுக்குள் வந்துவிட்ட இருசக்கர வாகனத்தில் போட்டிக் கார் மோதி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒற்றையடிப் பாதையைக்கூட யாரும் சின்னது என்று விட முடியாது. டேப் கட்டுவது மட்டும் காவல் ஆகாது. டேப்பைத் தூக்கிவிட்டு வண்டியை நுழைக்க நம் ஊரில் அரை நிமிடம் ஆகாது. நீங்கள் டேப்புக்கு முன்னால், ஊர்ப் பக்கம் பார்த்து நின்றீர்கள். கார் பார்க்கும் ஆசையில் ஸ்டேஜ் பக்கம் திரும்பாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும்.

ரேடியோ போஸ்டில் இருந்த ஹாம் (உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி) நண்பர்களே, ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒன்றாக உங்களை உட்கார வைத்தோம். ஒவ்வொரு கார் எண்ணும் கடக்கிற நேரத்தைத் தாளில் குறித்தீர்கள். ஒரு கார் வராமல் அதற்குப் பின்னால் கிளம்பியது வந்துவிட்டால் உடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னீர்கள். செம்மண் புழுதி தொங்குகிற தடத்தில், பள்ளத்தில் இறங்கிய காரைப் பின்னால் வருகிறவர் பார்க்காமலே போய்விட வாய்ப்பு உண்டு; உங்கள் தாள்தான் அதைக் கண்டுபிடிக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். அழுத்தும்போதே பேசினால் முதல் அசை அறுந்து, 'பதினான்கு' மறுமுனையில் 'நான்கு' என்று விழும். ஒன்று, நான்கு என்று தனித்தனியாகச் சொல்லி, எதிர்முனை திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகு விடுங்கள்.

போட்டியாளர்களுக்கும் ஒரு நன்றி. நின்றுபோனவர்கள் எல்லோரும் சிவப்பு முக்கோணத்தை, அடுத்த கார் வருகிற பக்கத்தில் குறைந்தது 50 மீட்டர் தள்ளி வைத்தார்கள், யாருக்கும் அடியில்லை என்பதற்கான ஓகே பலகையைக் காட்டினார்கள். இதில் சோம்பல் கூடாது. ஓகே காட்டாவிட்டால் பின்னால் வருகிறவர் அடிபட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். அவசர உதவி கேட்கும் எஸ்.ஓ.எஸ். பலகை தெரிந்தால் முதலில் வரும் கார் நின்று உதவ வேண்டும். அடுத்த கார் போய் ரேடியோ போஸ்டில் சொல்ல வேண்டும்.

மருத்துவக் குழுவும் மீட்புக் குழுவும் ஸ்டேஜ் தொடக்கத்தில் இன்ஜினை ஓட விட்டுத் தயாராக இருந்தார்கள். கார் கவிழ்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்தத் தோன்றுவது இயல்பு. அதைத் தடுத்து நிறுத்தியதற்காகவே மருத்துவர்களுக்கு நன்றி. தலைகீழாகத் தொங்குபவரின் பெல்ட்டை யாரும் தாங்காமல் வெட்டினால், உடல் எடை முழுவதும் கழுத்தில் இறங்கும். நினைவோடு பேசுகிறார், தீ இல்லை, எரிபொருள் கசியவில்லை என்றால் காத்திருப்பதே நல்லது. ஹெல்மெட்டை யாரும் இழுக்கக் கூடாது. தீயணைப்பான்களைப் போஸ்டில் இறக்கியதும் தலைகீழாகப் பிடித்து நாலு குலுக்கு குலுக்கிய பிள்ளைகளுக்கும் சபாஷ். ஜீப்பில் அதிர்ந்து வரும்போது உள்ளே இருக்கும் பொடி அடியில் கட்டியாகிவிடும்.

மீட்பு வண்டிக்காரர்கள் தென்னையில் கம்பி வடத்தை நேராகச் சுற்றாமல் அகலமான பட்டையைப் போட்டு இழுத்ததால் ஒரு மரத்தின் பட்டையும் உரியவில்லை. இழுக்கும்போது வடத்தின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, அதன் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடவில்லை. அறுந்தால் அந்தக் கோட்டில்தான் திரும்பி அடிக்கும்.

நேரக் காப்பாளர்களைப் பற்றி: சச்சரவே இல்லாமல் முடிவுகள் வந்ததற்கு நீங்கள்தான் காரணம். நேரம் பதியும் சாவடிக்கு முன்னால் இருக்கிற மஞ்சள் பலகைக்கும் சாவடியில் இருக்கிற சிவப்புப் பலகைக்கும் இடையே உள்ள 25 மீட்டரில்தான் எல்லாப் பஞ்சாயத்தும் நடக்கும். குறித்த நேரத்தைவிடத் தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு 10 விநாடி, முன்கூட்டி வந்தால் நிமிடத்துக்கு ஒரு நிமிடம் அபராதம். இதை, ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் ஒவ்வொரு நேவிகேட்டருக்கும் பொறுமையாகச் சொன்னீர்கள்.

கடைசியாக ஊர்க்காரர்களுக்கு. மைக் கட்டிய ஆட்டோ மூன்று நாள் சுற்றி அறிவித்ததை மதித்து மாடுகளைக் கட்டிப் போட்டீர்கள். பால் வண்டி வருகிற நேரத்தைச் சங்கத்தில் சொன்னதால்தான் சாலை அடைக்கும் நேரத்தை அதற்கேற்ப வைக்க முடிந்தது. தடத்தைக் கடக்கும் சொட்டுநீர்க் குழாய்களை முன்கூட்டியே காட்டியவர்களுக்கும், கேட் சாவியை இரவே கொடுத்த காற்றாலைக் காவலாளிகளுக்கும், காவல்துறைக்கும் நன்றி.

இரண்டு வேண்டுகோள். குழாய், வரப்பு, வேலி எதுவும் சேதமாகியிருந்தால் ஊர்த்தலைவரிடம் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் வந்து பார்த்துச் சரிசெய்து கொடுப்பார்கள். மார்ஷல்களிடம் இருக்கிற வாக்கி டாக்கிகளையும் போஸ்ட் தாள்களையும் அண்ணனின் உணவகக் கல்லாவில் ஒப்படைத்துவிடுங்கள். சான்றிதழ்களும் அங்கேயே கிடைக்கும், காபியும் உண்டு.

நன்றியுடன்,
ராலி ஏற்பாட்டுக் குழு