அஞ்சல் அட்டை சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையோடு போயிற்று. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அவர்களுக்கே தெரியும்.

இந்த ஆண்டின் பெரிய வேலை செப்டம்பர் கண்காட்சிதான். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியதை ஒட்டி அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். தலைப்பு: போர்க்காலக் கேலி அட்டைகள். செயற்குழுவில் இது சுலபமாகத் தேறவில்லை. "சாவு விழுகிற இடத்தில் என்ன சிரிப்பு?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்தில் சிரித்திருக்கிறார்களே, அதுவும் லட்சக்கணக்கில் அச்சடித்து!

பிரிட்டனில் 1902-இல் அட்டையின் ஒரு பக்கம் முழுக்கப் படம் போடவும், மறுபக்கத்தில் முகவரியோடு செய்தியும் எழுதவும் அனுமதி வந்தது. அஞ்சல் கட்டணம் அரை பென்னி. வானொலி ஒலிபரப்பு இல்லாத 1914-இல் போர் மூண்டபோது தனியார் அச்சகங்கள் இதில் புகுந்து விளையாடின. அரசாங்கம் சுவரொட்டி ஒட்ட வேண்டுமானால் செலவு செய்தாக வேண்டும். இந்த அட்டையையோ மக்களே காசு கொடுத்து வாங்கி, தபால்தலையும் ஒட்டி, ஊர் ஊராகப் பரப்பினார்கள். இதைவிட மலிவான பிரச்சாரம் எந்த அரசுக்குக் கிடைக்கும்?

முதல் பலகை முழுக்க ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் மீசை. மேல் நோக்கி முறுக்கிய அந்த இரண்டு முனைகளும் பிரிட்டிஷ், பிரெஞ்சு ஓவியர்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. எதிரணியும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு ரஷ்யன், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு பிரெஞ்சுக்காரன், ஒவ்வொரு உதைக்கும் ஒரு பிரிட்டிஷ்காரன் என்று தங்கள் மொழியில் எதுகை போட்டு ஜெர்மனியில் அட்டை அடித்தார்கள். உண்மையைச் சொன்னால், இந்தப் பலகை முன்னால் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை. எதிரியைத் திட்டும் நகைச்சுவை சீக்கிரம் ஊசிப்போகிறது.

கூட்டம் நின்றது பிரிட்டிஷ் கேலிச்சித்திரக்காரர் புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதரின் பலகை முன்னால்தான். 1887-இல், இன்று பாகிஸ்தானில் உள்ள மரீயில் பிறந்தவர். வார்விக்ஷயர் படைப்பிரிவு அதிகாரி. 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே நடந்த போரில் காயப்பட்டவர். அவருடைய புகழ்பெற்ற படத்தில், குண்டுமழைக்கு நடுவே ஒரு குழிக்குள் கழுத்தளவு ஒடுங்கிய இரண்டு சிப்பாய்கள். புலம்புகிறவனிடம் மற்றவன், இதைவிட நல்ல குழி தெரிந்தால் அங்கே போய்க்கொள் என்கிறான். எதிரி படத்திலேயே இல்லை. சிப்பாய்களை இப்படி அலங்கோலமாகக் காட்டலாமா என்று முதலில் முணுமுணுப்பு எழுந்தது. அப்புறம் ராணுவமே அவரை ஓவியராக அமர்த்தி, நேச நாட்டுப் படைகளையும் வரைய அனுப்பியது. பள்ளி மாணவர்கள் இந்த ஒரு படத்துக்கு விளக்கம் கேட்காமலே சிரித்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு அமெரிக்க அட்டைகளை வைத்தோம். சிகாகோவின் கர்ட் டைச் நிறுவனத்தார் பெயர் பெற்ற, துணி போன்ற சொரசொரப்புள்ள 'லினன்' அட்டைகள் இவை. முகாமில் மலைபோல் குவிந்த உருளைக்கிழங்கை உரிக்கும் சிப்பாய், கத்துகிற சார்ஜென்ட் என்று பாதி வேடிக்கை அங்கேதான். 1942 முதல் அமெரிக்கப் படைவீரர்கள் தபால்தலைக்குப் பதிலாக 'ஃப்ரீ' என்று கையால் எழுதினால் போதும் என்று இருந்ததால் பின்பக்கங்களையும் பார்வைக்கு வைத்தோம். சேகரிப்பாளர்கள் அதைத்தான் முதலில் பார்த்தார்கள், வேறென்ன!

அதே தொகுப்பில் ஜப்பானியர்களைப் பல் துருத்திய, மூக்குக்கண்ணாடி போட்ட பிராணிகளாகக் காட்டும் அட்டைகளும் இருந்தன. வைக்கலாமா, மறைக்கலாமா என்று பெரிய வாக்குவாதம். ஹிட்லரையும் முசோலினியையும் தனி ஆட்களாகப் பிடித்துக் கேலி செய்தவர்கள், ஜப்பான் என்று வந்ததும் ஓர் இனத்தையே கேலி செய்தார்கள். அதை ஒளிப்பது வரலாற்றைப் பூசி மெழுகுவதாகும் என்பது என் கட்சி. கடைசியில் குறிப்போடு தனிப் பலகையில் வைத்தோம். இரண்டு உறுப்பினர்களுக்கு இன்னும் வருத்தம் உண்டு. அது பதிவாகட்டும்.

பிரிட்டிஷ் அட்டை ஓவியர் டொனால்ட் மெக்கில் பற்றி ஒரு வரி. இரண்டு போர்களிலும் கேலி அட்டை வரைந்த அந்த மனிதரைத்தான் 1954-இல் லிங்கன் நகர நீதிமன்றம் ஆபாச அட்டைகளுக்காக 50 பவுண்டு அபராதம் கட்ட வைத்தது. கடற்கரை ஊர்களில் விற்ற இரட்டை அர்த்த வேடிக்கை அட்டைகளால் வந்த வினை.

மண்டபத்தின் மின்விசிறிகள் ஓடாததைப் பற்றி உரிமையாளரிடம் எழுத்தில் சொல்லியிருக்கிறோம். அட்டைகளை இரவல் தந்தவர்களுக்கு நன்றி. அமிலமில்லாத உறைகளில் போட்டுத் திருப்பித் தந்துள்ளோம். தயவுசெய்து பழையபடி செலோடேப் ஒட்டாதீர்கள். அடுத்த ஆண்டுக்கு ரயில் நிலைய அட்டைகள் என்று யோசனை வந்திருக்கிறது. சபை முடிவு செய்யட்டும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்