கண்டம் செய்யும் முன்: லேப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொறியியல் கல்லூரிகளில் எலெக்ட்ரானிக்ஸ், எம்பெடட் லேப்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் லேப் அசிஸ்டண்டுகளுக்கும் வணக்கம்.

ஆண்டுக் கடைசியில் ஸ்டாக் சரிபார்க்கும்போது ஆர்டுயினோ ஊனோ, நானோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளில் கொஞ்சத்தைப் 'பழுது' என்று ஒதுக்கி, கண்டம் செய்யும் (கழித்துக்கட்டும்) பட்டியலில் சேர்த்துவிடுகிறீர்கள். அந்தப் பெட்டியை வெளியே அனுப்பாமல் மாணவர்களிடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நாம் எழுதும் ப்ரோக்ராமை (ஸ்கெட்ச்) யூஎஸ்பி வழியாக வாங்கி சிப்புக்குள் எழுதிவைக்கும் சின்ன ப்ரோக்ராம்தான் பூட்லோடர். அதை ஏற்றுவதை ரிக்கார்டு நோட்டில் எழுதும் ஒரு சோதனையாகவே வைத்துவிடலாம்.

அப்லோட் கொடுத்ததும் திரையில் 'நாட் இன் சிங்க்' என்று சிவப்பு எழுத்து ஓடும். உடனே போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கணினி கூப்பிட்டது, போர்டிலிருந்து சரியான பதில் வரவில்லை. அந்தச் செய்திக்கு அர்த்தம் அவ்வளவுதான். கணினியில் யூஎஸ்பி போர்ட்டைத் தப்பாகத் தேர்ந்திருக்கலாம். 0, 1 பின்களில் (கணினியோடு பேசும் பின்கள் இவைதான்) மாட்டிய ப்ளூடூத் மாட்யூலைக் கழற்றாமலே அப்லோட் அழுத்தியிருக்கலாம் (ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய நாள் இது கட்டாயம் நடக்கும்). நானோ என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய பூட்லோடர் நொடிக்கு 57,600 பிட் வேகத்தில் பேசும், புதியது 115,200 வேகத்தில். ஆர்டுயினோ நிறுவனம் 2018-லேயே தன் நானோக்களில் புதியதைப் போடத் தொடங்கிவிட்டது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நகல் போர்டுகள் பலவற்றில் இன்னும் பழையதுதான் இருக்கிறது. ஆர்டுயினோ ஐடிஇ-யின் (ப்ரோக்ராம் எழுதி ஏற்றும் மென்பொருள்) டூல்ஸ் மெனுவில் ப்ராசஸர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' என்று மாற்றினால் 'செத்த' நானோ எழுந்து உட்காரும்.

கண்டம் செய்யும் முன் இரண்டு சோதனைகளையாவது செய்து பாருங்கள். ஊனோவில் ரீசெட் பட்டனை அழுத்தி விடுங்கள். 'எல்' என்று எழுதிய சின்ன விளக்கு சடசடவென்று மின்னினால் பூட்லோடர் உள்ளே இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. அடுத்தது, ரீசெட் பின்னை கிரவுண்டோடு இணைத்து, 0-வது பின்னையும் 1-வது பின்னையும் ஒரு ஜம்பர் வயரால் சேர்த்து, சீரியல் மானிட்டரில் ஏதாவது தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் யூஎஸ்பி பக்கத்துச் சிப் நன்றாக இருக்கிறது. அந்தப் பக்கம் சரியாக இருந்து, விளக்கும் மின்னவில்லை என்றால்தான் பூட்லோடரைச் சந்தேகிக்க வேண்டும்.

பூட்லோடர் தானாகக் காணாமல் போவது அபூர்வம். மாணவர் எழுதும் ஸ்கெட்ச் அதை அழிக்க முடியாதபடி லாக் பிட்கள் (சிப்புக்குள் இருக்கும் பூட்டு அமைப்புகள்) தடுக்கின்றன. யாராவது 'அப்லோட் யூசிங் ப்ரோக்ராமர்' (பூட்லோடரை விட்டுவிட்டு, ப்ரோக்ராமர் என்ற தனிக் கருவியால் சிப்பில் நேரடியாக எழுதுவது) கொடுத்திருந்தால் சிப் முழுக்க அழிக்கப்பட்டு, பூட்லோடரும் சேர்ந்து போயிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. எரிந்துபோன சிப்பைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய புது ஏடிமெகா328பி-யை (போர்டின் முக்கியச் சிப்) ஊனோவின் சாக்கெட்டில் செருகியிருப்பார்கள். புதுச் சிப் வெறும் சிப். அதற்குள் பூட்லோடர் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள் கடிகாரத்தில், அதுவும் 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும். போர்டில் இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 'சிப் மாத்தியும் ஓடல சார்' என்று மாணவர் வந்து நின்றால், பெரும்பாலும் விஷயம் இதுதான்.

இதைச் சரிசெய்யப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. நன்றாக ஓடும் ஊனோ ஒன்றை எடுத்து, எக்சாம்பிள்ஸ் பட்டியலில் இருக்கும், ஊனோவையே ப்ரோக்ராமராக மாற்றும் 'ஆர்டுயினோ ஐஎஸ்பி' ஸ்கெட்சை ஏற்றுங்கள். அதன் 11, 12, 13 பின்களைப் பழுதான போர்டின் அதே எண் பின்களோடு இணையுங்கள். 10-வது பின் மட்டும் அந்தப் போர்டின் ரீசெட்டுக்குப் போக வேண்டும். 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் சேர்த்தால் ஆறு வயர்கள், அவ்வளவுதான். ஸ்கெட்ச் ஏறிய பிறகு, நல்ல ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் செருகுங்கள், ப்ளஸ் கால் ரீசெட் பக்கம். கணினி போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் ஊனோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். அப்போது ஐஎஸ்பி ஸ்கெட்சுக்குப் பதிலாக அதன் சொந்த பூட்லோடர் குறுக்கே புகுந்து பதில் சொல்லும். அதைத் தடுக்கத்தான் கெப்பாசிட்டர். ப்ரோக்ராமராக 'ஆர்டுயினோ ஆஸ் ஐஎஸ்பி'யைத் தேர்ந்து, 'பர்ன் பூட்லோடர்' கொடுத்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. யூஎஸ்பிஆஸ்ப் என்ற ப்ரோக்ராமர் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஆனால் வெறும் சிப்புக்கு அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் ப்ரோக்ராமர் சிப்போடு பேசும் ஐஎஸ்பி கடிகாரம் சிப்பின் கடிகாரத்தில் கால் பங்குக்கும் குறைவாக இருந்தாக வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே நடப்பதைத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறேன். முதலில் சிப்பின் மூன்று பைட் கையொப்பத்தை (எந்த வகைச் சிப் என்று சொல்லும் எண்) படிக்கிறது. பிறகு சிப்பை அழிக்கிறது, ஃபியூஸ்களை (சிப்பின் அடிப்படை அமைப்பைத் தீர்மானிக்கும் பிட்கள்) எழுதுகிறது, ஃபிளாஷ் நினைவகத்தின் கடைசியில் பூட்லோடரை வைக்கிறது, லாக் பிட்டைப் பூட்டுகிறது. ரீசெட் ஆனதும் சிப் 0-வது முகவரிக்குப் போகாமல் பூட்லோடர் இருக்கும் இடத்துக்குத் தாவுவது ஒரே ஒரு ஃபியூஸ் பிட்டால். பூட்லோடருக்கு எவ்வளவு இடம் என்பதை இன்னும் இரண்டு பிட்கள் சொல்கின்றன. பீட்டர் நைட் எழுதிய ஆப்டிபூட் (ஊனோவில் இருக்கும் பூட்லோடர்) வெறும் 512 பைட்டுக்குள் அடங்கும். நானோவின் பழைய பூட்லோடருக்கு 2 கிலோபைட் ஒதுக்கவேண்டும். ஊனோவில் ஸ்கெட்சுக்கு 32,256 பைட், பழைய நானோவில் 30,720 பைட் என்று ஐடிஇ காட்டுவது இதனால்தான். பழைய நானோவில், மெனுவில் போர்டை 'ஊனோ' என்று தேர்ந்து ஆப்டிபூட்டை ஏற்றினால் 1,536 பைட் கூடுதலாகக் கிடைக்கும். இதைக் கையால் செய்து பார்த்த மாணவருக்கு ரீசெட் வெக்டார் (ரீசெட் ஆனதும் சிப் தொடங்கும் முகவரி) என்றால் என்ன என்று யாரும் தனியாக விளக்க வேண்டாம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் 8051 மைக்ரோகண்ட்ரோலர், ஆர்டுயினோ, ராஸ்பெரி பை எல்லாம் இருக்கின்றன. எல்.இ.டி. மின்ன வைப்பதோடு பல இடங்களில் ஆர்டுயினோ பாடம் முடிந்துவிடுவதுதான் என் வருத்தம். வேலைக்குப் போனால் லினக்ஸ் போர்டில் யூ-பூட் என்ற பூட்லோடரை ஏற்றுவது, ஃபர்ம்வேர் புதுப்பிப்பது எல்லாமே பூட்லோடர் சமாச்சாரம்தான்.

மாணவர்கள் ஃபியூஸைத் தப்பாக எழுதிவிட்டால் என்ன ஆவது என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். முதல் வகுப்பில் மெனு வழியாக மட்டும் செய்யச் சொல்லுங்கள், கட்டளை தட்ட விடாதீர்கள். கடிகார ஃபியூஸ் தப்பினாலும் வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பு கொடுத்து மீட்கலாம். ரீசெட் பின்னையே முடக்கிவிட்டால்தான் 12 வோல்ட் ப்ரோக்ராமர் தேவைப்படும்.

எல்லாப் போர்டும் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். 5 வோல்ட் பின்னில் 12 வோல்ட் கொடுத்த போர்டை எந்த பூட்லோடரும் காப்பாற்றாது. அதிலிருந்து கிரிஸ்டலையாவது கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் கையெழுத்துப் போடும் துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'பழுது' கட்டத்துக்குப் பக்கத்தில் 'சிப் கையொப்பம்' என்று இன்னொரு கட்டம் போடச் சொல்லுங்கள். மூன்று பைட்டும் சரியாக வந்த போர்டு லேப்பிலேயே இருக்கட்டும். மூன்றும் பூஜ்ஜியமாக வந்தால் வயரை மறுபடி ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வராததை மட்டும் கண்டத்துக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
எம்பெடட் துறையில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவன்