பனியாற்றை முனையில் மட்டும் அளக்காதீர்கள்: புவி அறிவியல், ஜல் சக்தி அமைச்சகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். இமயமலைப் பனியாறுகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் உங்கள் தரப்பிலிருந்து ஒரு கணக்கு வருகிறது: இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 14.9 மீட்டர் பின்வாங்குகின்றன, கூட்டல் கழித்தல் 15.1 மீட்டர். ஏற்ற இறக்கம் சராசரியைவிடப் பெரிதாக இருக்கும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு கீழே வாழும் மக்களுக்கு என்ன சொல்ல முடியும்? ஒன்று வேகமாகத் தேய்கிறது, இன்னொன்று நின்ற இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் தெரிகிறது. அதுவும் பனியாறு முடியும் கீழ்முனையைப் பார்த்து.

பனியாறு உருவாவது முனையில் இல்லை, அதற்கு வெகு உயரத்தில். அங்கே விழுந்த பனி கோடை கழிந்தும் முழுக்கக் கரையாமல் தங்கிவிடுகிறது. அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான். சுமை ஏற ஏறக் காற்று வெளியேறி, செதில்கள் குருணைகளாகி, குருணைகள் ஒட்டிக்கொண்டு, கடைசியில் சில குமிழிகள் மட்டும் சிக்கிய கெட்டிப் பனிக்கட்டியாக இறுகிவிடும். போதுமான கனம் வந்ததும் தன் எடையாலேயே சரிவில் நகரத் தொடங்கும். மேலே சேர்வது வரவு, கீழே உருகுவது செலவு. இரண்டும் சரிக்குச் சரியாகும் உயரம்தான் சமநிலைக் கோடு. வெப்பம் கூடினால் அந்தக் கோடு மேலே ஏறி, வரவுக்கான பரப்பு சுருங்குகிறது. மேலே நடந்த இந்த மாற்றம் முனைக்கு வந்து சேரப் பெரிய பனியாறுகளில் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். முனை இன்று காட்டுவது என்றைக்கோ நடந்ததை.

உத்தராகண்டின் கங்கோத்ரி பனியாற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. 30 கிலோமீட்டர் நீளமான அந்தப் பனியாற்றின் கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. மெல்லிய தூசிப் படலம் வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும். கல்மண் கனமாக மூடினால் நேரெதிர், வெப்பம் உள்ளே இறங்காது. அப்படிப்பட்ட இடங்களில் முனை பெரிதாக நகராமலே, பனியாறு மேலிருந்து மெலிந்துகொண்டே போகும். அதன் முனையான கோமுகத்தில் நின்று அளப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

சரி, வேறு எப்படி அளப்பது? அந்த வேலை நம் நாட்டிலேயே நடக்கிறது. இமாச்சலின் லாஹௌலில் உள்ள சோட்டா ஷிக்ரி பனியாற்றை 2002 முதல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறகு மற்றவர்களும் அளந்துவருகிறார்கள். நீராவியால் பனியில் துளை போட்டு மூங்கில் கழிகளை ஆழமாக இறக்கிவிடுவார்கள். கோடை முடிந்து போய்ப் பார்த்தால், கழி எவ்வளவு கூடுதலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு பனி போயிருக்கிறது. மேல்பகுதியில் குழி தோண்டி, போன கோடையின் அழுக்குப் படலம் வரை எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று பார்த்து எடையும் போடுவார்கள். வரவு மிஞ்சிய ஆண்டுகளும் அங்கே உண்டு. மொத்தமாகப் பார்த்தால், 2002 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக, பனியாற்றின் பரப்பு முழுக்க அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்துக்கு நிற்கும் நீருக்குச் சமமான பனியை அது இழந்திருக்கிறது. எனக்கு இந்த ஒரு எண் போதும், வகுப்பில் நின்று தைரியமாகப் பேச. இப்படி இடைவிடாமல் அளக்கப்பட்ட பனியாறுகள் நம்மிடம் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

அளவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007 அறிக்கையில் எழுதி, அது ஆதாரமற்றது என்று 2010-ல் ஒப்புக்கொண்டது. உடனே இன்னொரு பக்கம், 'அப்படியென்றால் ஒன்றும் ஆகவில்லை' என்று பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பேச்சும் மக்களுக்குக் கெடுதல்.

சிக்கிமை நினைத்தால் கோபம்தான் வருகிறது. தெற்கு லோனாக் பனியாறு 1962-க்கும் 2008-க்கும் இடையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் பின்வாங்க, விட்டுச்சென்ற பள்ளத்தில் ஏரி பெருகிக்கொண்டே இருந்தது. 2023 அக்டோபர் 3 இரவில் கரை மேட்டின் ஒரு பகுதி ஏரிக்குள் சரிய, அலை கிளம்பி ஏரி உடைந்தது. 167 ஹெக்டேராக இருந்த நீர்ப்பரப்பு 60 ஹெக்டேராகச் சுருங்கியதை இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தின் அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆபத்தான ஏரி என்பது முன்பே தெரியும். கீழே இருந்த பலருக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை மட்டும் போய்ச் சேரவில்லை.

கிழக்கு இமயத்துக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் பருவமழை. அங்கே பனி சேர்வதும் உருகுவதும் ஒரே கோடையில். வெப்பம் கொஞ்சம் கூடினாலும் பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. வரவும் போகிறது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் போர்வையும் போய், அடியிலுள்ள அழுக்குப் பனிக்கட்டி வேகமாக உருகுகிறது. இவ்வளவு நுட்பமான இடத்துக்குச் செயற்கைக்கோள் படம் மட்டும் போதாது, ஆள் ஏறிப் போய்க் கழி நட வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா ஆகிய மூன்று படுகைகளிலும் சில பனியாறுகளையாவது தேர்ந்தெடுத்து, மூன்றாண்டுத் திட்டம் ஐந்தாண்டுத் திட்டம் என்று நிறுத்தாமல் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு அளக்க நிரந்தர நிதி ஒதுக்குங்கள். இந்திய புவியியல் ஆய்வு மையம், வாடியா இமயமலை நிலவியல் நிறுவனம், தேசிய துருவ ஆய்வு மையம் என்று பிரிந்து கிடக்கும் அளவுகளை ஒரே இடத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அடுத்த முறை நாடாளுமன்றத்தில் பதில் சொல்லும்போது, முனை எத்தனை மீட்டர் நகர்ந்தது என்பதோடு எவ்வளவு பனி போனது என்பதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியர்