இரண்டு அம்பு போதாது, பாப்பா

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயிறு காலை

அன்பு பாப்பா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னக்குட்டி நன்றாகத்தான் வரைந்திருக்கிறாள். இந்தியா கொஞ்சம் ஒல்லி, ஆஸ்திரேலியா நம் வீட்டு உளுந்து வடை மாதிரி. அது கிடக்கட்டும். ‘எங்கள் குடும்பம் வந்த வழி’ என்று தலைப்பு. இந்தியாவிலிருந்து மலேசியாவுக்கு ஒரு தடித்த அம்பு, பக்கத்தில் ‘வறுமை, வேலை’. மலேசியாவிலிருந்து மெல்பர்னுக்கு இன்னோர் அம்பு, பக்கத்தில் ‘நல்ல வாழ்க்கை’. சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள், புதன்கிழமை டீச்சரிடம் கொடுக்கணும் என்று கேட்டிருந்தாய்.

சரியில்லை.

குட்டியைத் திட்டாதே, இதில் குற்றவாளி நான்தான். முப்பது வருஷம் நான்காம் படிவத்துக்கும் ஐந்தாம் படிவத்துக்கும் பூகோளம் எடுத்தேனே, கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்து, மலாயில் ஒரு பக்கம் ஃபக்தோர் தொலாக்கான், மறு பக்கம் ஃபக்தோர் தாரிக்கான் என்றுதான் எழுதிப் போட்டேன். ஒன்று தள்ளுவது, மற்றொன்று இழுப்பது. ‘இழுத்து ஆற்றுகிற தே தாரிக் டீயில் வருகிற அதே தாரிக்தான்’ என்று சொன்னால் கடைசி பெஞ்சுக்கும் புரிந்துவிடும். பரிட்சையில் பக்கத்துக்கு இரண்டு காரணம் எழுதினால் முழு மார்க். அந்த அட்டவணையில் நம் வீட்டுக் கதை நுழையாது என்று தெரிந்தேதான் எடுத்தேன். பாடத்திட்டம் என்று ஒன்று இருக்கிறதே.

முதல் அம்பையே எடுத்துக்கொள்வோம். என் தாத்தா திருச்சி முசிறிப் பக்கத்திலிருந்து 1920களில் வந்தவர். மழை பொய்த்தது, சொந்த நிலம் கிடையாது, கடன் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் பக்கத்து ஊரிலும் அதே மழைதான் பொய்த்தது, அங்கிருந்து ஒருவரும் கிளம்பவில்லை. தாத்தாவின் தெருவிலிருந்து மட்டும் ஏழு குடும்பம் கிளம்பியது. ஏன்? அந்தத் தெருவுக்குத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்தார். முன்பே இங்கே வந்து வேலை பார்த்தவர், வெள்ளைக்காரத் தோட்டத்துரை கொடுத்த லைசென்சோடும் வழிச்செலவுப் பணத்தோடும் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். காலில் செருப்பு, மேலே சட்டை. தாத்தாவுக்கு மாமன் முறை வேறு. யாரோ ஒரு வெள்ளைக்காரன் கூப்பிட்டால் போகமாட்டார்கள், மாமன் கூப்பிட்டால் போவார்கள். ஆள் கணக்குக்கு மாமனுக்குத் தலைக்காசு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. நாகப்பட்டினம் முகாம், கப்பல், பினாங்கு, அங்கே ஜெரஜா தீவில் நோய்க்காகத் தனியே வைத்திருந்த நாட்கள், அப்புறம் இந்தத் தோட்டம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கதவைத் திறந்தால் எதிரே முசிறித் தெருக்காரர்களே நின்றார்களாம். சாதியும் ஓசி டிக்கெட்டில் கூடவே வந்துவிட்டது, மேட்டு லயம் யாருக்கு, பள்ளத்து லயம் யாருக்கு என்பது வரைக்கும்.

புத்தகத்தில் இதற்குச் சங்கிலிக் குடிபெயர்வு என்று பெயர். ஒருவர் போய், தெரிந்தவரை இழுக்க, அவர் இன்னொருவரை இழுப்பது. நீ மெல்பர்ன் போனதை நினைத்துப் பார். ‘நல்ல வாழ்க்கை’ எல்லா நாட்டிலும்தான் கிடைக்கிறது. உன் பெரியம்மா மகள் மெல்பர்னில் இருந்தாள், அவள் வீட்டு சோபாவில் ஆறு வாரம் படுத்தாய், அதனால்தான் மெல்பர்ன். பிறகு நீ உன் சிநேகிதியையும் அவள் புருஷனையும் வரவழைத்தாய். நீயும் ஒரு கங்காணிதான் பாப்பா, தலைக்காசு வாங்காத கங்காணி.

அடுத்தது, அம்புக்கு ஒரு முனை மட்டும் போட்டிருக்கிறாள் குட்டி. 1885இல் ராவென்ஸ்டைன் என்பவர் இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கை வைத்துக்கொண்டு குடிபெயர்வுக்குச் சில விதிகள் எழுதினார். அதில் ஒன்று, பெரிய ஓட்டம் எதுவானாலும் அதற்கு ஓர் எதிரோட்டம் உண்டு. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சம் பேருக்கு மேல் இங்கிருந்து தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை இருந்தால் வா, இல்லாவிட்டால் போ. 1938இல் இந்திய அரசே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கங்காணிக் கதை அதோடு முடிந்தது.

என் சித்தப்பாவை உனக்குத் தெரியாது. அதே தோட்டத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் வளர்ந்தவர். அவர் பிறந்ததற்குக் காகிதம் எதுவும் இல்லை. சுதந்திரம் வந்த பிறகு குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னார்கள். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டார். ரப்பர் மரம் சீவுகிறவனுக்கு ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி, அடையாள அட்டை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று இறுக்கினார்கள். பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். சித்தப்பாவும் கட்டினார். ரஜூலா கப்பலில் ஏற்றிவிட நாங்கள் பினாங்கு வரைக்கும் போனோம். எனக்குப் பன்னிரண்டு வயது. ‘ஊருக்குப் போறேன்’ என்று எல்லோரிடமும் சொன்னார். அந்த ஊரை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

அங்கே அவருக்குப் ‘பினாங்குக்காரர்’ என்று பெயர் வைத்தார்கள். சாகும்வரை அதுதான் பெயர். கடிதம் போட்டால் இரண்டே சாமான் கேட்பார்: கோடாலித் தைலம், பிளாச்சான் என்ற இறால் விழுது. தைலம் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க, பிளாச்சான் அவருக்கு. சம்பல் இடித்தால் தெருவே மூக்கைப் பிடிக்கிறது என்று ஒருமுறை எழுதியிருந்தார். குட்டியின் படத்தில் அவருக்கு ஒரு அம்பு வேண்டும், தெற்கிலிருந்து வடமேற்காக, மற்ற அம்புகளுக்கு எதிராக.

இன்னோர் அம்பும் வேண்டும், அதை எப்படி வரைவது என்று எனக்கே தெரியவில்லை. தாத்தாவின் அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில், 1942-43இல், சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது லாரியைக் கொண்டுவந்து பிடித்துப்போனார்கள். தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அந்தக் காட்டிலேயே போனார்கள். பெரிய தாத்தா லாரியில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு, இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை. இதைத் தள்ளுவதிலா இழுப்பதிலா எழுதுவது? கட்டாயக் குடிபெயர்வு என்று தனியாக ஒரு வரி புத்தகத்தில் உண்டு. ஒவ்வொரு வருஷமும் அந்த வரியை வேகமாகப் படித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன்.

அதற்குப் பிறகும் சும்மா விடவில்லை. 1948 ஜூனில் நம் சுங்கை சிப்புட் பக்கத்தில்தான் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத்துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், அவர்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த அவசரகாலம் அதோடு தொடங்கியது. சிதறிக் கிடந்த லயங்களைக் கலைத்து, முள்வேலிக்குள் ஒன்றாகக் குடியேற்றினார்கள். என் அப்பா அப்படி நகர்ந்தது இரண்டே மைல். அதுவும் குடிபெயர்வுதான்.

தூரத்தைப் பற்றிச் சொல்லும்போது, ராவென்ஸ்டைன் சொன்ன இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரும்பாலானோர் கொஞ்ச தூரம்தான் போகிறார்கள், அந்தக் கொஞ்ச தூரத்தில் பெண்கள்தான் அதிகம் நகர்கிறார்கள். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் வந்தது எட்டு மைல். பாஸ்போர்ட் கிடையாது, கப்பல் கிடையாது, யாரும் படத்தில் போடமாட்டார்கள். ஆனால் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதிலிருந்து எந்தச் சாமிக்கு எந்த மாதம் பொங்கல் என்பதுவரை எல்லாம் எனக்கு மாறிப்போனது. உன் பாட்டி முதல் மாதம் என் ரசத்தை வாயில் வைக்கவில்லை.

கலாச்சாரம் பற்றி ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறாளே, அங்கே ‘பொங்கல், தீபாவளி’ என்று மட்டும் எழுதிவிடாதே. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த புடவை போல அது மடிப்புக் கலையாமல் இருப்பதில்லை. ஆட்கள் இடம் மாறும்போது கூடவே போவது ஒரு வகைப் பரவல். முசிறிக்காரர்கள் கொண்டுவந்து மரத்தடியில் வைத்த மாரியம்மன் அப்படி வந்தவள். ஆள் நகராமலே பக்கத்தில் இருப்பவரிடம் தொற்றுவது இன்னொரு வகை. ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று சீனர்கள் காவடி எடுப்பதை நீயே பார்த்திருக்கிறாய். மலாய்க்காரர் வாயில் கடை ‘கெடாய்’ ஆனதும், கட்டில் ‘காத்தில்’ ஆனதும், கப்பல் ‘காப்பால்’ ஆனதும் தோட்டத்துக்கெல்லாம் ரொம்ப முந்தி, கடல் வணிகர் காலத்துச் சங்கதி. பதிலுக்கு நாம் அவர்களிடம் சம்பலுக்குப் பிளாச்சான் வாங்கினோம். அந்தச் சம்பலில் போடும் மிளகாயே அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்!

இதில் வேடிக்கை ஒன்று. புறப்பட்ட இடத்தில் மாறிப்போனது, போய்ச் சேர்ந்த இடத்தில் சில சமயம் கெட்டியாக நிற்கும். இங்கே பேராக்கில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே தைப்பூசத்துக்குப் பள்ளி விடுமுறை. தமிழ்நாட்டில் அதை அரசு விடுமுறை ஆக்கியது 2021இல்தான். சித்தப்பா மகன் போனில் பெருமையாகச் சொன்னான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முதல்முறை இங்கே வந்தபோது ‘பசியாறிட்டியா தம்பி?’ என்று கேட்டேன். பழைய சினிமாவில் முனிவர் பேசுகிற மாதிரி இருக்கிறது அக்கா என்றான். நமக்கு அது காலைச் சாப்பாடு, அவ்வளவுதான்.

போன வாரம் உன் அப்பாவோடு மோட்டோவில் பழைய தோட்டத்துப் பக்கம் போனேன். எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயம் இல்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம் இல்லை, மேட்டில் துரை பங்களாவும் இல்லை. கார்ல் சாவர் என்ற அமெரிக்கர் 1925இல் எழுதினார்: இயற்கை கொடுத்த நிலத்தின் மேல் ஒரு கூட்டத்தின் கலாச்சாரம் வேலை செய்து உண்டாக்குவதுதான் நாம் பார்க்கும் நிலக்காட்சி. வகுப்பில் அதை விளக்க நான் பட்ட பாடு! அங்கே நின்றால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். வரிசை வரிசையாகச் செம்பனை, நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு முருங்கை, ஒரு வேம்பு. அதுதான் நம் லயத்துக் கொல்லை. முருங்கையை யாரும் காட்டில் நட்டுவைக்க மாட்டார்கள். கோயில் இருக்கிறது, புதுப் பெயின்ட் அடித்து.

அங்கே வேலை செய்வது இப்போது இந்தோனேசியர், வங்காளதேசத்தார். கிணற்றடி இருந்த இடத்தில் ஒரு பையன் வீட்டோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தான். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்திருக்கிறான், முதல் இரண்டு வருஷச் சம்பளம் அதற்கே சரி என்று மலாயில் சொன்னான். தலைக்காசு இப்போது அவனிடமிருந்தே வாங்குகிறார்கள் போலிருக்கிறது. நம் ஆட்களே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அவர்களைப் பற்றிப் பேசுகிற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. துரை நம் தாத்தாக்களைப் பற்றிப் பேசிய அதே பேச்சு, அழுக்கு, கூட்டம், குடி என்று. உன் அப்பா இதைக் கடிதத்தில் எழுதாதே என்கிறார். எழுதிவிட்டேன்.

படத்தில் கீழே ‘உங்கள் சொந்த ஊர்’ என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு என்ன எழுதுவது என்று கேட்டாய். என் தாத்தா ‘ஊர்’ என்றால் முசிறி. என் அப்பா பிறந்தது இங்கே, ஆனாலும் ‘ஊரிலிருந்து கடுதாசி’ என்றால் அவருக்கும் இந்தியாதான். நான் ‘ஊருக்குப் போகிறேன்’ என்றால் எட்டு மைல் தள்ளி, இப்போது செம்பனை நிற்கிற அந்தத் தோட்டம். நீ லீவுக்கு ‘ஊருக்கு வருகிறேன்’ என்பது சுங்கை சிப்புட். போன தடவை இங்கே இருந்தபோது குட்டி என்னிடம், ‘பாட்டி, எங்க ஊர்ல இவ்வளவு கொசு இல்ல’ என்றாள். அவளிடமே கேள், அவள் சொல்வதை எழுது.

அம்புகளை இப்படித் திருத்து. முதல் அம்பை ஏழு மெல்லிய கோடாகப் போடு, முசிறியிலிருந்து. சித்தப்பாவுக்குத் திரும்பும் அம்பு. சயாமுக்கு ஒரு கோடு, முனை வேண்டாம். எனக்கு எட்டு மைல், புள்ளி அளவு இருந்தாலும் போதும், சிவப்பு மையில். உனக்கு நேராக மெல்பர்ன் போடாதே. சுங்கை சிப்புட், ஈப்போ, கோலாலம்பூர், அப்புறம்தான் மெல்பர்ன், படிப்படியாகத்தான் போனாய்.

கறிவேப்பிலைக் கன்று கேட்டிருந்தாய். பாப்பா, உங்கள் நாட்டு விமான நிலையத்தில் செடியைக் கண்டால் பிடுங்கிக்கொள்வார்கள். 1876இல் விக்கம் என்ற வெள்ளைக்காரன் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதையைக் கப்பலேற்றி லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனான். அதில் முளைத்த கன்றுகளில் சில அடுத்த வருஷமே சிங்கப்பூர் வழியாக நம் பக்கத்துக் கோலகங்சாருக்கு வந்தன. ஒரு மரம் வேலி போட்டு இன்னும் நிற்கிறது, பள்ளிச் சுற்றுலாவில் போய் அதன் முன் நின்று போட்டோ எடுத்தாயே. அதற்கெல்லாம் அன்றைக்கு வழி இருந்தது. என் கறிவேப்பிலைக்கு இல்லை. அங்கேயே நர்சரியில் விற்கிறார்களாம், விசாரித்து வாங்கு. முதல் குளிர்காலம் தொட்டியிலேயே வைத்து வீட்டுக்குள் எடுத்துவிடு.

அன்புடன்,
அம்மா