அண்ணனின் நிழலில் நிற்க வேண்டியவர் அல்ல

ஆசிரியருக்கு,

யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அவருடைய தங்கை கரோலினைப் பற்றி எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு அது ஆற்றாமையாக இருக்கிறது.

ஜெர்மனியின் ஹானோவரில் 1750இல் பிறந்தவர். பத்து வயதில் வந்த காய்ச்சலால் வளர்ச்சி நின்று, நாலேகால் அடியோடு போனது. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று அம்மா படிக்க விடவில்லை. 1772இல் அண்ணனோடு இங்கிலாந்து போன பிறகுதான் பாட்டு, கணக்கு, அப்புறம் வானியல் எல்லாம் கற்றார்.

வானியலில் அண்ணனுக்கு உதவிய வேலைக்காக, 1787இல் இங்கிலாந்து அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். தன் விருப்பப்படி செலவு செய்யக் கிடைத்த முதல் பணம் அதுதான் என்று பின்னாளில் எழுதினார். அப்போது அவருக்கு 37 வயது! அந்த வரியைப் படித்தபோது என் அம்மாவும் பாட்டியும்தான் கண்முன் வந்தார்கள்.

அடுத்த ஆண்டு அண்ணனுக்குத் திருமணமானது. கரோலின் தனியாக அறை எடுத்துக்கொண்டு, வேலையை விடாமல் தொடர்ந்தார். மொத்தம் எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டார். அண்ணன் இறந்ததும் 1822இல் ஹானோவர் திரும்பி, வானில் மங்கலான மேகம்போல் தெரியும் நெபுலாக்கள் சுமார் 2,500இன் பட்டியலை முடித்தார். அதற்காக 1828இல் லண்டன் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே பதக்கம் இன்னொரு பெண்ணுக்குக் கிடைத்தது 1996இல்தான்.

97 வயது வரை வாழ்ந்த இவரைப் பற்றி உங்கள் சிறுவர் பகுதியில் ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். மார்ச் 16 அவருடைய பிறந்தநாள்.

ஒரு வாசகி, மதுரை