வட்டை அழிக்கும் முன் பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

நீ சொன்னதைக் கேட்டதில், மடிக்கணினியில் நிறுவனத்தின் முத்திரை வரை வருகிறது, விண்டோஸ் மட்டும் ஏறவில்லை என்று தெரிகிறது. கடைக்காரர் உடனே ஃபார்மேட் செய்துவிடலாம் என்றாராம். உன் ஆய்வேடு முழுவதும் அந்த வட்டில் இருக்கும்போது, தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதே.

உன் சித்தப்பா கொல்லம் வரும்போது 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுவருவார். ரூஃபஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு அதில் உபுண்டுவை, அதாவது விண்டோஸ் இல்லாமலே கணினியை இயக்கும் வேறொரு இயங்குதளத்தை, ஏற்றியிருக்கிறேன். அதைச் செருகிவிட்டு, பவர் பொத்தானை அழுத்தியதும் எஃப்12 விசையை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இரு. டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் அதுதான். எச்பி என்றால் எஃப்9. வரும் பட்டியலில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடு. இந்தத் தேர்வு அந்த ஒரு முறைக்கு மட்டுமே. அடுத்த முறை கணினி வழக்கம்போல உள்வட்டையே தேடும். கணினி தொடங்கும்போது காவல் காக்கும் ‘செக்யூர் பூட்’ அமைப்பை அணைக்கச் சொல்லி யாராவது யோசனை கூறினால் கேட்காதே. உபுண்டுவுக்காக அதை அணைக்கத் தேவையில்லை, அதை மாற்றினால் வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கக்கூடும்.

திரையில் நிறுவுவதா, முயன்று பார்ப்பதா என்று கேட்கும்போது, முயன்று பார்ப்பதையே தேர்ந்தெடு. அப்போது உபுண்டு கணினியின் தற்காலிக நினைவகத்தில் (ரேம்) இயங்கும். நீயாக எழுதாதவரை உன் வட்டில் எதுவும் மாறாது. கோப்புகளைத் திறக்கும் இடத்தில் உள்வட்டு தெரியும். அது பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும், அது உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள். வட்டைப் படிக்க மட்டும்தான் முடியும் என்று அறிவிப்பு வந்தால் பயப்படாதே, நமக்கு வேண்டியது படிப்பது மட்டுமே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆய்வேட்டை உபுண்டுவின் முகப்புத் திரையில் பிரதி எடுத்து வைத்தால், கணினியை அணைத்ததும் அது நினைவகத்தோடு அழிந்துவிடும். ஆகவே வேறொரு வெளிவட்டைச் செருகி, அதில்தான் பிரதி எடுக்க வேண்டும். ஆய்வேட்டுக் கோப்புறையை முதலில் எடு, புகைப்படங்கள் பிறகு. நடுவில் வட்டிலிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் அணைத்துவிட்டு எனக்குச் சொல். பழுதான வட்டை ஓட்ட ஓட்டச் சேதம் கூடும்.

பிரதி எடுத்த பின், தோழியின் கணினியில் ஆய்வேட்டைத் திறந்து, கடைசி அத்தியாயம் முழுமையாக இருக்கிறதா என்று பார். இருந்தால், கடைக்காரர் ஃபார்மேட் செய்யட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்புடன்,
அப்பா